மிஷின் அறைக்கு ஒரு கட்டில்

என் மாமனார் இடுப்பு எலும்பை முறித்துக்கொண்ட வருஷம், கம்பத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரு கூடம், ஓர் அடுப்படி, பக்கவாட்டில் ஒரு சின்ன அறை, இவ்வளவுதான் இருந்தன. வீட்டுக்கே ஒரே ஜன்னல் அந்தச் சின்ன அறையில்தான். ஜன்னலடியில் என் தையல் மிஷின் கிடந்தது. ஊரிலிருந்து யாராவது வந்தால், வெட்டிப் போட்ட துணிகளை மூட்டையாகக் கட்டி மிஷின்மேல் ஏற்றிவிட்டு, கீழே பாய் விரித்துக் கொடுப்பேன். அவர்கள் கிளம்பியதும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பிப்பேன். விருந்தாளி அறையும் அதுவே, தையல் அறையும் அதுவே. பாய் இருந்தவரை இரண்டுக்கும் சண்டை வந்ததில்லை.

பாயில் படுக்க முடியாத ஒருவர் வரப்போகிறார் என்றபோதுதான் சண்டை வந்தது.

மாமனார் கோம்பையில் இருந்தார். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் கமலை மாடு மிரண்டு இடித்துத் தள்ளியதில் கல்லில் விழுந்தார். மதுரை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். எலும்பு ஒருவாறு கூடியது. ஒரு கால் மடக்க முடியாமல் விறைத்துப் போனது. இடுப்பிலிருந்த புண் மட்டும் மூடவே இல்லை. அதை அடிக்கடி கழுவிக் கட்டு மாற்ற வேண்டும். கம்பத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் எங்கள் வீடு இருந்தது. ஆகவே புண் ஆறும்வரை அவர் மகன் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

முடிவு செய்தது என் கணவரின் அக்காள். மாமியார் இறந்தபின் கோம்பை வீட்டில் எதையும் முடிவு செய்கிறவர் அவர்தான். அதே ஊரில் வாக்கப்பட்டவர், காலையில் தன் வீட்டுக்கு வாசல் தெளித்த கையோடு அப்பா வீட்டுக்கும் தெளித்துவிட்டுப் போகிறவர். ஒருநாள், பெட்ரோலுக்குப் பஞ்சமாகிக் கரியில் ஓடிய பஸ்ஸில் வந்து இறங்கி, முகத்தில் கரிப்புழுதியோடு நேரே சின்ன அறைக்குள் போனார். சுவரோரமாகச் சாண் போட்டு அளந்தார்.

"இந்தா புள்ள, நம்ம வீட்டுத் தேக்குக் கட்டிலு வண்டியில வருது. அப்பா வேற எதுலயும் படுக்க மாட்டாக. இந்த மிசினைத் தூக்கி எங்கிட்டாவது போட்டுரு."

அந்தக் கட்டிலை நான் பார்த்திருக்கிறேன். கடைந்த கால்களும் தலைமாட்டில் கொடி செதுக்கிய பலகையுமாக இரண்டு பேர் தாராளமாகப் புரண்டு படுக்கும் கட்டில். அது உள்ளே வந்தால் அறையில் கதவைத் திறக்கத்தான் இடம் மிஞ்சும்.

"எங்கிட்டுப் போடுறது மதினி? கூடத்துல வெளிச்சமில்ல. அடுப்படியில புகை. அளவு குடுக்க வாற பொம்பளைக தெருவைப் பாத்துக்கிட்டா நிப்பாக?"

"அப்ப நிறுத்திரு. ஊர்க்காரிக முதுகை அளந்துதான் எங்க வீட்டு மருமக சோறு திங்கணுமான்னு அப்பாவே கேட்டாக."

மாமனார் அப்படிக் கேட்டது எனக்கு முன்பே தெரியும். என் காதுபடத்தான் கேட்டார். ஆனால் என்னிடம் கேட்கவில்லை. கல்யாணமான நாள் முதல் அவர் என்னோடு ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை.

அந்த மிஷினைப் பற்றி அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. என் கணவர் மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். கல்யாணமான புதிதில் நானும் அங்கே லைன் வீட்டில் இருந்தேன். மலைக்காய்ச்சல் அவரைப் பிடித்து உலுக்கியது. ஒரு குளிர்காலம் முழுக்க வேலைக்குப் போக முடியாமல் என்னோடு கம்பத்தில் வந்து கிடந்தார். அந்தக் காலம் முழுக்க எங்கள் அடுப்பு எரிந்தது மிஷினால். கோம்பைக்குச் சொல்லக் கூடாது என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதால் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் தேறித் தனியாக மலைக்குத் திரும்பிய பிறகும் நான் நிறுத்தவில்லை. உலகச் சண்டைக்காலத்தில் துணிக்குப் பஞ்சம் வந்தது. பழைய வேட்டியைச் சட்டையாக்கவும் கிழிந்த சேலையைப் பாவாடையாக்கவும் பெண்கள் மூட்டையோடு வந்தார்கள். தையலை நிறுத்துவதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் கணவர் சின்னமனூர் வழியாக இறங்கி வந்தார். அக்காளும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

"அக்கா, அந்தக் கட்டிலு வேணாம். அறைக்குத் தக்கன வேற ஏதாச்சும் பாத்து வைக்கிறோம்" என்றார் அவர். அக்காளுக்கு எதிராக அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

மதினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாருங்க. ஆனா ஒண்ணு. அது அப்பாவுக்குச் சரிப்படலைன்னு வையி, தேக்குக் கட்டிலு உள்ள வரும், மிசினு வெளிய போகும். அப்புறம் ஒரு பேச்சும் கூடாது. ரெண்டு பேரும் கேட்டுக்கிருங்க."

கேட்டுக்கொண்டோம்.

மாமனார் வருவதற்குள் ஒரு கட்டில் கண்டாக வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய விதிகள் எளிமையானவை. தரையில் படுக்கக் கூடாது. படுக்கை குழியக் கூடாது. விறைத்த காலை மடக்காமல் எழுந்து நிற்கிற உயரம் வேண்டும். என் விதி ஒன்றே ஒன்று. பகலில் அது இடத்தை அடைக்கக் கூடாது.

முதலில் பக்கத்து வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டில் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பகலில் தூக்கிச் சுவரில் சாத்தி நிறுத்தினால் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் படுத்தால் நடுவில் தொட்டில் மாதிரிக் குழிந்தது. கயிற்றை இறுக்கிக் கட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மதினி வந்து அது நிற்பதைப் பார்த்துவிட்டார். "எழவு வீட்டுலதான் கட்டிலை நிமித்தி வப்பாக. எங்கப்பா வாறதுக்கு முன்னாலயே நிமித்திட்டியா?" என்றார். அன்றே அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்தது கான்வாஸ் கட்டில். சர்வே வேலைக்கு வந்த துரை ஒருவர் தோட்டத்தில் விட்டுப்போன மடக்குக் கட்டிலைக் கணவர் மலையிலிருந்து சுமையாளிடம் கொடுத்து அனுப்பினார். மடக்கினால் குடையைப் போல ஒடுங்கி மிஷினுக்கு அடியில் போய்விட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படுத்துப் பார்த்தேன். காலை விறைப்பாக வைத்துக்கொண்டு எழ முயன்றேன். முழங்கால் உயரம்கூட இல்லாத அதிலிருந்து, நோயில்லாத நானே கையை ஊன்றிப் புரண்டு தவழ்ந்துதான் எழ முடிந்தது. ஒரு கிழவரை அதில் படுக்க வைத்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். அதையும் சுருட்டி வைத்தேன்.

அடியில் சாமான் வைக்கிற பெட்டிக் கட்டில் என்று ஒன்றைக் கடைவீதியில் காட்டினார்கள். சாமானுக்கு இடம் கிடைக்கும், மனுஷிக்குக் கிடைக்காது.

யோசித்து யோசித்துத் தலை கனத்துப் போயிருந்தபோது போடி ரயில் ஞாபகம் வந்தது. சண்டைக்காகத் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போவதற்கு முன் ஒருமுறை அதில் மதுரைக்குப் போயிருந்தேன். தலைக்குமேல் மரப்பலகையைச் சங்கிலியில் தொங்க விட்டிருந்தார்கள். ஒரு வியாபாரி சாமான் வைக்கிற அந்தப் பலகையில் ஏறிப் படுத்து மதுரை வரை குறட்டை விட்டார். அதே மாதிரி ஒரு பலகையை இடுப்பு உயரத்தில் சுவரோடு கீல் போட்டு மாட்டினால் என்ன? இரவில் இறக்கிக்கொள்ளலாம், பகலில் சுவரோடு சுவராகத் தூக்கிக் கொக்கி போட்டுவிடலாம்.

ஆசாரியைக் கூப்பிட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்தார். "மண்சுவருதான். ஆனா நல்ல தடிமன். ஆணியை ஆழமா எறக்கி, மேல ரெண்டு கொக்கி அடிச்சு, ஊஞ்சல் சங்கிலி போட்டுத் தாரேன். யானை படுக்கும் ஆத்தா" என்றார்.

"கீழ ஒரு கால் வச்சா?"

"கால் வச்சா மடக்கும்போது இடிக்கும். சங்கிலி போதும்."

வேங்கைப் பலகை. மேலே மெல்லிய பஞ்சு மெத்தை. மாட்டி முடித்ததும் ஆசாரியே ஏறி உட்கார்ந்து காட்டினார். நான் நெல் மூட்டை ஒன்றை ஏற்றி மறுநாள் வரை வைத்திருந்து பார்த்தேன். பலகை அசையவில்லை.

புரட்டாசி முடிந்து மாமனார் வந்தார். வில்வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, பக்கத்தில் மதினி உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். கூடவே பண்ணையாள் ஒருவரும் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மாமனாரைத் தூக்கி இறக்கவும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் அவர் எங்கள் வீட்டிலேயே தங்குவதாக ஏற்பாடு.

மாமனார் மெலிந்திருந்தார். எலும்பின் பருமன் மட்டும் குறையவில்லை. கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு அறை வாசலில் நின்று, சங்கிலியில் தொங்கிய பலகையைப் பார்த்தார்.

"ஏலே, இது என்னடா?" என்று பண்ணையாளிடம் கேட்டார்.

"கட்டிலுங்கய்யா."

"கட்டிலுன்னா காலு இருக்கும்லடா."

மதினி என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பண்ணையாள் மாமனாரைப் பின்னாலிருந்து தாங்கிப் பலகைமேல் உட்கார வைத்தார். சங்கிலி 'கிர்'ரென்று ஒருமுறை முறுகி நின்றது. காலைத் தூக்கி வைத்துப் படுத்தார். கண்ணை மூடினார். வலியில் சுருங்கியிருந்த நெற்றி மெல்ல விரிவதை நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, குழி விழல" என்றார்.

மதினி அன்று சாயங்காலமே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். போகும்போது வாசலில் நின்று, "பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

அப்படிச் சில வாரங்கள் ஓடின. காலையில் பண்ணையாள் அவரைக் கூடத்துச் சாய்வு நாற்காலிக்குக் கொண்டுபோவார். நான் பலகையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு மிஷினுக்கு முன் உட்காருவேன். பெண்கள் அளவு கொடுக்க வந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன். இருட்டுவதற்குள் துணிகளை ஒதுக்கிப் பலகையை இறக்கி மெத்தையை உதறி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் சங்கிலியை இழுத்துப் பார்ப்பேன்.

அவர் என்னோடு பேசவில்லை. நான் இரண்டு முழ தூரத்தில் நின்றாலும், "ஏலே, அந்தப் புள்ளைகிட்ட வெந்நி வாங்கியா" என்பார். பண்ணையாள் என்னிடம் திரும்பி, "வெந்நி கேக்காக" என்பார். நான் சொம்பைப் பண்ணையாளிடம் கொடுப்பேன். மிஷின் ஓடும் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் நான் மிதிக்க ஆரம்பித்ததும் கூடத்தில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்கும். நிறுத்தினால் செருமலும் நின்றுவிடும். சட்டையின் கைத்துளையைச் சுற்றித் தைக்கும்போதெல்லாம் அந்தச் செருமலை எதிர்பார்த்தே மிதிப்பேன்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. சுருளியாற்றில் தண்ணீர் கரைபுரண்டு போவதாகச் சொன்னார்கள். எங்கள் சின்ன அறையின் சுவருக்கு மறுபக்கம் ஒரு காலி மனை. அங்கே தண்ணீர் தேங்கிச் சுவரை நக்கிக்கொண்டு நின்றது. உள்பக்கம் சுண்ணாம்பு ஈரம் பூத்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். மழை விடட்டும் என்றார்.

மழையோடு மாமனாருக்குப் புண் வீங்கிக் காய்ச்சல் வந்தது. பகலிலும் எழ முடியவில்லை. பலகையைத் தூக்காமல் அப்படியே விட்டேன். ஒரு சடங்கு வீட்டுப் பாவாடை சட்டைகள் அவசரமாகத் தைக்க வேண்டியிருந்தது. அவர் தூங்கும் நேரம் பார்த்துச் சுவரோரமாக ஒண்டி உட்கார்ந்து கையால் சக்கரத்தைச் சுற்றி மெதுவாகத் தைத்தேன். மிதித்தால் சத்தம் கேட்கும்.

அன்று மத்தியானம் பண்ணையாள் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். வெளியே மழை இரைந்தது. நான் தலை குனிந்து ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணிமேல் செம்மண் பொடி விழுந்தது. தட்டிவிட்டேன். மறுபடி விழுந்தது.

நிமிர்ந்தேன். கால்மாட்டுச் சங்கிலியின் கொக்கி சுவரில் பதிந்திருந்த இடத்திலிருந்து ஒரு விரிசல் விட்டத்தை நோக்கி ஏறியிருந்தது. காலையில் அது இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொக்கி ஒரு நெல் அளவு வெளியே நகர்ந்தது.

மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். புண்பட்ட இடுப்பு வெளிப்பக்கமாக இருந்தது. பலகை சரிந்தால் அந்த இடுப்புதான் முதலில் தரையில் மோதும்.

வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். தெருவில் மழையைத் தவிர யாருமில்லை. திரும்பி வந்தேன்.

"மாமா."

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. வழக்கம்போல நிலைப்படிப் பக்கம் பார்த்தார். அங்கே ஆளில்லை.

"மாமா, எந்திரிங்க. கொக்கி விடுது."

"ஏலே, என்னவாம்டா இந்தப் புள்ளைக்கு?" என்றார், இல்லாத ஆளிடம்.

"அவுக இல்ல மாமா. நான்தான் இருக்கேன். சுவரு விடுது. எந்திரிங்க!"

நான் கத்தியது எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அப்போது ஒரு கட்டி மண் பெயர்ந்து அவர் போர்வைமேல் விழுந்தது. எழ முயன்றார். முடியவில்லை.

மாமனாரை மருமகள் தொடுகிற வழக்கம் எங்களில் கிடையாது. அந்த நினைப்பு வந்ததா என்றுகூட இப்போது சொல்லத் தெரியவில்லை. இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து இழுத்தேன். கனத்தார். விறைத்த கால் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. வலியில் அவர் போட்ட அலறல் மழையையும் மீறிக் கேட்டிருக்கும். ஒரு கையை விட்டு அந்தக் காலை எடுத்தேன். மறுபடி இழுத்தேன். இருவருமாக மிஷினின் இரும்புச் சட்டத்தில் போய்ச் சாய்ந்தோம். முதுகை மிஷினுக்குக் கொடுத்து, அவரை என் மடியில் தாங்கியபடி தரையில் வழுக்கி உட்கார்ந்தேன்.

கொக்கி சுவரின் ஒரு துண்டோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கீலும் பெயர்ந்து, பலகையின் கால்மாடு தரையில் இடித்தது. பிடி விட்ட சங்கிலி சுழன்று வந்து என் மணிக்கட்டில் அடித்தது. கொக்கி இருந்த இடத்தில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்து, அதன் வழியே காலி மனையும் மழையும் தெரிந்தன.

இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவர் ஓட்டையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார்.

"ஒனக்கு அடி பட்டிருச்சா ஆத்தா?" என்றார்.

"இல்ல மாமா" என்றேன். மணிக்கட்டிலிருந்து ரத்தம் அவர் வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது.

பண்ணையாள் திரும்பி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அன்று மாமனார் கூடத்துச் சாய்வு நாற்காலியிலேயே கிடந்தார். பண்ணையாள் பஸ் டிரைவரிடம் கோம்பைக்குச் சேதி சொல்லி அனுப்பினார். மறுநாள் முற்பகலில் மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது. வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கடைந்த கால்களைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

மதினி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து சுவர் ஓட்டையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஒரு மிசினுக்காக எங்கப்பாவைச் சாகக் குடுக்கப் பாத்தியேடி."

நான் பதில் சொல்லவில்லை. அவரோடு செய்துகொண்ட பேச்சு அப்படி. சரிப்படவில்லையென்றால் ஒரு பேச்சும் கூடாது. அரைகுறையாகத் தைத்த பாவாடையை ஊசியிலிருந்து எடுத்து மடித்தேன்.

"தூக்குங்கடா அதை" என்றார் மதினி. பண்ணையாளும் வண்டிக்காரரும் மிஷினைத் தூக்கி வாசல்வரை கொண்டுவந்தார்கள். இரும்புக் கால் நிலையில் மாட்டிக்கொண்டது. சாய்த்தார்கள், திருப்பினார்கள். மேல்பலகை நிலையில் உரசுகிற சத்தம் என் பல்லைக் கூசவைத்தது.

"ஏலே, வையிடா கீழ."

மாமனார் நாற்காலியிலிருந்து சொன்னார். எல்லோரும் நின்றார்கள்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க" என்றார் மதினி.

"திருப்பி அங்கனயே வையிடா. ஜன்னலு அங்கனதான இருக்கு? அந்தப் புள்ள வேற எங்கிட்டுப் போகும்?"

"அப்ப கட்டிலை எங்க போடுறது? தலையிலயா?"

அவர் அவசரப்படவில்லை. "கட்டிலைக் கூடத்துல எறக்கு. ஆசாரியைக் கூட்டிட்டு வா" என்றார்.

ஆசாரி வரவே பயந்தார். வாசலுக்கு வெளியே நின்று, "சாமி, மழை இப்பிடிப் பெய்யும்னு தெரியாமப் போச்சு" என்று கும்பிட்டார்.

"அதை விடு. இந்தக் கட்டில்ல பாதி அகலத்தை அறுத்துரு."

மதினிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. எனக்கும்தான். தலைமாட்டுச் சட்டத்தையும் கால்மாட்டுச் சட்டத்தையும் குறுக்கே அறுத்துக் குட்டையாக்கி, மறுபடி கால்களில் பொருத்தச் சொல்கிறார். செதுக்கிய கொடியும் அதோடு போகும்.

"அப்பா, என்ன பேசுறீக? ஆத்தா படுத்த கட்டிலு. நாங்க அம்புட்டுப் பேரும் பொறந்த கட்டிலு."

"பொறந்தாச்சுல்ல."

"அப்பா!"

"ஒங்க ஆத்தா போயி எம்புட்டு நாளாச்சு? அவ பக்கம் சும்மாதான் கெடக்கு. கையை நீட்டுனா வெறும் பலகைதான் தட்டுப்படுது." நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டார். "ஒத்தை ஆளுக்கு எதுக்கு இம்புட்டு அகலம். அறுடா."

ஆசாரி ரம்பத்தை வைத்துவிட்டு மதினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அந்தக் கட்டிலில் எனக்கு என்ன பாத்தியதை? ரம்பம் இறங்கியது. பழைய தேக்கு சுலபத்தில் விடவில்லை. அறுபடும்போது கிளம்பிய எண்ணெய் வாசம் கூடத்தை நிறைத்தது. மதினி எழுந்து வெளியே போய், தூறலில் வண்டியின் நுகத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மாமனார் கண்ணை எடுக்காமல் ரம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செதுக்கு வேலை அறுபட்ட இடத்தில் மட்டும் அவருடைய கை நாற்காலியின் சட்டத்தை இறுகப் பிடித்தது.

சாயங்காலத்துக்குள் ஒடுங்கிய கட்டில் அறைக்குள் போயிற்று. நாலு காலும் தரையில் ஊன்றி, சுவரைத் தொடாமல் நின்றது. கால்கள் உயரமாக இருந்ததால் துணி மூட்டைகள் அடியில் நுழைந்துகொண்டன. மிஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே நான் உட்கார்ந்து மிதிக்க இடம் இருந்தது. சுவர் ஓட்டைக்கு ஆசாரி தகரம் அடித்தார்.

மதினி கழித்துப் போட்ட பலகைகளையும் செதுக்குத் துண்டையும் ஒன்றுவிடாமல் பொறுக்கினார். தானே சுமந்துபோய் வண்டியில் அடுக்கி, மேலே தன் சேலை ஒன்றைப் போட்டு மூடினார். இலை போட்டு வைத்திருந்தேன். சாப்பிடாமல் போய்விட்டார்.

கணவர் மலையிலிருந்து இறங்கி வந்தபோது அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "அப்பாவா சொன்னாக?" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். ஆமாம் என்றேன். அறுபட்ட ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்து, விறைத்த காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

மாமனார் பொங்கல் கழியும்வரை இருந்தார். தையலைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை அவர் கடைசிவரை சொன்னதில்லை. சத்தம் அதிகமாக இருந்தால், "ஆத்தா, கொஞ்சம் நிறுத்து, தலை வலிக்குது" என்று என்னிடமே சொன்னார். நிறுத்துவேன். பெண்கள் அளவு கொடுக்க வந்து தயங்கி நின்றால், கட்டையை ஊன்றிக்கொண்டு தானே கூடத்துக்குப் போவார். புண் ஆறியது. ஊருக்குக் கிளம்பும்போது கட்டிலை வண்டியில் ஏற்ற வந்த பண்ணையாளைத் தடுத்துவிட்டார். "கோம்பையில எடத்துக்கா பஞ்சம்? அங்கன வேற செஞ்சுக்கிறலாம். இது இந்த அறைக்குச் செஞ்சது" என்றார்.

மதினி அதன்பின் என் வீட்டுப் படி ஏறவில்லை. கல்யாணம், காது குத்து என்று கோம்பைக்கு நாங்கள் போனால் பந்தியில் எனக்குப் பரிமாறுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். மாமனார் காலமான பின், தன் மகளைப் பிரசவத்துக்குக் கம்பத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் வந்தார். வேறு தங்க இடமில்லை. அந்த அறையில்தான் படுக்கை போட்டேன். விடிந்ததும் காப்பி கொண்டுபோனபோது கட்டிலில் உட்கார்ந்து தலையை முடிந்துகொண்டிருந்தார்.

"அப்பா எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாக?" என்று கேட்டார்.

"ஜன்னப் பக்கம் மதினி."

காப்பியை ஆற்றி ஒரு வாய் குடித்தார்.

"அன்னைக்கு அறுத்துப் போட்ட பலகையெல்லாம் நான் வீணாக்கலடி. அப்பாவுக்கே சின்னதா ஒரு கட்டிலு அடிச்சுக் குடுத்தேன். அதுலதான் கெடந்தாக, கடைசிவரைக்கும்."

அவர் கிடந்த கட்டில் அந்தத் தேக்கில் செய்தது என்று எனக்குத் தெரியாது. கணவரும் சொன்னதில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டில் குறுகலானது, இரண்டு பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கும். அவர் நகர்ந்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன தைக்கலாம் என்று அவரே கேட்டார்.